எண்பத்திரண்டு சென்ரிமீற்றர்

செவ்வாய் இரவு, பீல் நகரத்தில்,
ரயில் நிலையத்துக்குப் பின்னால், வளர்ந்தோருக்கான வகுப்பு.
பகலெல்லாம் அலுமாரி தூக்கிய கையால்
இப்ப ஒரு முக்கோணத்தைத் தூக்குகிறேன்.
பாரமில்லை. அதுதான் கஷ்டம்,
எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை.

செரைனா ரீச்சருக்கு இருபத்தாறு வயது.
பலகையில் ஒரு அம்புக்குறி போடுகிறா:
வலப்பக்கம் ஐந்து கட்டம், கீழே இரண்டு.
மூன்று மூலையும் அதே திசை, அதே அளவு.
ஃபெர்ஷீபுங் என்று அடிக்கோடு கீறுகிறா.
எனக்கு அந்தச் சொல் முந்தியே பழக்கம்.
அகதி விசாரணைக் கடிதங்களில் மூன்று தரம் வந்தது:
உங்கள் தவணை தள்ளிவைக்கப்பட்டுள்ளது.
அவர்கள் நாட்களைத் தள்ளினார்கள்,
இவ கட்டங்களைத் தள்ளுகிறா.

தமிழில் என்னவென்று கொப்பி ஓரத்தில் எழுதினேன்:
இடப்பெயர்வு.
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எங்கட பக்கத்தில் இந்தச் சொல்லுக்குக்
கட்டத்தாள் தேவைப்பட்டதில்லை.
உழவு இயந்திரம் தேவைப்பட்டது.

பெயர்ந்த மூலைக்குப் புதுப்பெயர் இல்லையாம்.
பழைய எழுத்துத்தான், தலைமாட்டில் ஒரு சின்னக் கீறு.
எனக்கு இங்கே
அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கி
என் பெயரை நடுவில் முறித்து
இரண்டு பெட்டிக்குள் போட்டார்கள்.
ஒரு கீறோடு விட்டிருக்கலாம்.

விதி இவ்வளவுதான்:
தள்ளு, சுழற்று, கண்ணாடியில் காட்டு.
எந்த இரு புள்ளிக்கும் இடைத்தூரம்
முந்தியும் பிந்தியும் ஒன்றாயிருக்கவேண்டும்.
நீளக்கூடாது. நெளியக்கூடாது.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
சோபாவை நிமிர்த்தி, ஒரு காலை அச்சாக ஊன்றிச் சுழற்றும்போது
பெஸ்னிக் அல்பானிய மொழியில் ஏசுவது
இந்த விதியைத்தான் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

சகோதரங்கள் நாங்கள் நாலு பேர்.
ஒரு நாற்கரம் என்று வைத்து
ஸ்காபரோ, திருச்சி, வவுனியா, பீல் என
மூலைகளுக்குப் பெயர் போட்டேன்.
அளக்கவில்லை.
அழிறப்பர் எடுத்தேன். அது வீட்டுவேலையில் இல்லை.

வியாழன், ஹெர் ஸ்பிண்டனின் வீடு மாற்றம்.
நாற்பது வருடம் கடிகாரத் தொழிற்சாலை,
மனிசி பிரிந்துபோய்விட்டா,
தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு.
அளவுநாடாவோடு வாசலில் நின்றார்.
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் எண்பத்திரண்டு.
மேசைக்கும் கதிரைக்கும் முப்பத்தொன்று.
அங்கே எப்படியோ இங்கேயும் அப்படி.
வைத்தோம். மயிரிழை பிசகவில்லை.
பிறகு அவர் பார்க்காமலே லைட் போடக் கை நீட்டினார்.
கை வெறும் சுவரில் முட்டியது.

தெருதான் கண்ணாடி.
ஒரே ஆள் கட்டிய ஒரே வீடு, இடம் வலமாக.
எத்தனை கட்டம் தள்ளினாலும்
எத்தனை பாகை சுழற்றினாலும் பொருந்தாது.
தாளை விட்டுக் கிளப்பித்
தோசை மாதிரிப் புரட்டிப் போடவேண்டும்.
பெஸ்னிக் என்னைப் பார்த்தான்.
எங்களிடம் இரண்டு வார்ப்பட்டியும் ஒரு சில்லுப் பலகையும்தான் இருந்தன.

மனிசன் ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பி ஊற்றித் தந்தார்,
சீனிப் போத்தலுக்காக மூன்று தரம்
பிழையான கதவைத் திறந்தார்.

ஞாயிறு இரவு ஒரு குறுஞ்செய்தி:
அலுமாரிக் கதவு சுவரில் இடித்ததாம்,
தானே தோளால் தள்ளினாராம்.
இப்ப எழுபத்தொன்பது. நல்ல நித்திரை.

கொப்பியைத் திறந்து
எண்பத்திரண்டை வெட்டினேன்.
பக்கத்தில் எழுபத்தொன்பது எழுதி
அதன் தலைமாட்டில்
ஒரு சின்னக் கீறு போட்டேன்.