ஐந்தாம் நாள் தட்டு

புவெர்ட்டோ மோன்ட் நகரில் மழை
வேலைக்கு வருவதுபோல் வரும்,
விடுப்பு எடுக்காது.
ஆய்வகத்தின் ஒரே சன்னல் துறைமுகத்தைப் பார்க்கும் என்பார்கள்.
நான் சேர்ந்த நாளிலிருந்து
அது ஆவியைத்தான் பார்க்கிறது.

மாதிரி எண் 4417. சளி.
ஆண், ஐம்பத்தெட்டு. சிறுநீரகம் மாற்றி ஏழு மாதம்.
எலீசியோ நஹுவெல்கீன், சிலோயே தீவு.
தொழில் என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை.
இதில் யாரோ பச்சை மையில்
உருளைக்கிழங்கு என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

நாற்பத்தெட்டு மணி நேரம். எதுவும் முளைக்கவில்லை.
விதிப்படி தட்டு குப்பைக்கு.
அந்தப் பச்சைச் சொல்லைப் பார்த்தபடி
மறுபடி சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.
சோம்பேறித்தனம் என்று மேலாளர் சொல்லியிருந்தால்
மறுத்திருக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள்
சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புபோல் புள்ளிகள்.
ஊசியால் தொட்டால் வரவில்லை,
தட்டின் சதையைக் கவ்விக்கொண்டிருந்தன.
தட்டை முகரக் கூடாது.
இருபது வருடமாக
புதிதாக வருபவர்களிடம் அதைச் சொல்பவளே நான்தான்.
மூடியை விலக்கியதும் தானாக வந்தது:
காய்ந்த மண்ணில் விழும் முதல் தூறலின் வாசனை.
மழை நிற்காத ஊரில் அது
பிப்ரவரியில் ஒருமுறை கிடைத்தால் உண்டு.
அதற்கு ஒரு மனிதனின் நுரையீரலில் என்ன வேலை?

கண்ணாடிச் சில்லில்
கிளைத்துக் கிளைத்துச் சிவந்த நூல்கள்.
நோகார்டியா.
உதிர்ந்த இலையை மண்ணாக்குவது அதன் பிழைப்பு.
யாரையும் தேடி வராது.
உங்கள் மூச்சிலும் வந்திருக்கும், என் மூச்சிலும்;
காவல்காரன் வாசலிலேயே விரட்டியிருப்பான்,
நமக்குத் தகவல்கூட வந்திருக்காது.
எலீசியோவின் காவல்காரனுக்கு
காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும்
மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறோம்,
தங்கையின் சிறுநீரகத்தை
அந்நியம் என்று அவன் கண்டுகொள்ளாதிருக்க.

மிச்சத்தை டாக்டர் ரெமோல்கோய் போனில் சொன்னார்.
தங்கை பெயர் ஒட்டீலியா.
வேலித் தகராறில் பத்தொன்பது வருடம் பேச்சில்லை.
அறுவைக்கு மறுநாளும் இருவரும் பேசியது
உப்பில்லாத சூப்பைப் பற்றித்தானாம்.
வேலி அப்படியே இருக்கிறது.
வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில்
மண்ணைத் தொடாதே என்று இருந்தது.
ஆறு மாதம் தொடவில்லை. நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஏப்ரலில், தூசி பறந்த ஓர் அபூர்வ வாரத்தில்,
வேலிக்கு அந்தப் பக்கம் ஒட்டீலியா
விலாவைப் பிடித்தபடி குனிந்து குனிந்து
கிழங்கு தோண்டுவதைப் பார்த்திருக்கிறார்.
வேலியை ஏறிக் கடந்தார்.
நான்கு வரிசை. வெறுங்கை. முகக்கவசம் வீட்டில்.

மூளையில் மிளகளவு ஒரு நிழல் இருக்கிறது என்றார் டாக்டர்.
ஒரு வருடம் மருந்து; அந்த மருந்தும்
சிறுநீரகத்துக்கு நண்பனில்லை.
மாத்திரையைக் குறைத்தால் காவல்காரன் விழிப்பான்.
விழித்தவன் யாரை முதலில் அடிப்பான்?
போனில் கொஞ்ச நேரம் இருவரும் மழையைக் கேட்டோம்.
குறைத்தார்கள். பாதி.

ஆகஸ்டில் வந்த ரிப்போர்ட்டில்
நிழல் சிறுத்திருந்தது, கிரியாட்டினின் ஏறியிருந்தது.
சிறுநீரகம்: இருக்கிறது.
அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்.

அதே வாரம் ஆய்வகத்துக்கு ஒரு மூட்டை,
படகில் வந்தது. அனுப்பியவர்: ஒ. நஹுவெல்கீன்.
ஊதாக் கிழங்குகள், தோல் உரியும்வரை தேய்த்துக் கழுவியவை.
கண்குழிகளில்கூட ஒரு துகள் மண் இல்லை.
கிழங்கை முகரக் கூடாது என்று விதி ஏதுமில்லை.
ஒன்றை எடுத்து முகர்ந்தேன்.
சோப்பு வாசனை.