பாக்கிக்கு வந்த வண்டி

மூன்று லட்சத்துப் பதினோராயிரம் பாக்கிக்கு
அர்த்தநாரி கொண்டுவந்து விட்டது இது:
எண்பத்திரண்டாம் வருஷத்துப் பென்ஸ்,
சந்தனக் கலர், டீசல்.
‘வெச்சுக்குங்க அம்மிணி, வேற வழியில்லீங்க’ என்று
சாவியை ரசீது புத்தகத்தின்மேல் வைத்துவிட்டு
டவுன் பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் போர்டிகோவில் சிவப்பாக
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.
அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அடியில் விரித்தேன்.
அட்டையில் எங்கள் கடை பெயர்.
கீழே, சகல விதமான ஆயில் சீல்களும் கிடைக்கும்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.
பத்தொன்பது வருஷமாகச் சத்தி ரோட்டில்
கசிவை நம்பித்தான் கடை.
பம்ப்செட், பவர்லூம், போர்வெல் வண்டி,
எது ஒழுகினாலும்
உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் கேட்டுக்
கண்ணை மூடி எடுத்துத் தருவேன்.

ஜபருல்லா வண்டிக்கடியில் படுத்தபடி சொன்னான்:
‘ஸ்டீரிங் பாக்ஸுங்க்கா. புதுசு போட்டுருங்க.’
புதுசின் விலைக்கு ஒரு மொபெட்டும்
அதற்கு ஒரு வருஷப் பெட்ரோலும் வரும்.
உக்கடத்தில் பழசு ஒன்று இருந்தது.
புரட்டிப் பார்த்தேன். அதுவும் அடியில் ஈரம்.
அடுத்தவன் ஒழுகலைக் காசு கொடுத்து வாங்குவானேன்?
‘கழட்டுடா’ என்றேன்.

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.
பிட்மேன் ஆர்ம் புல்லருக்கு அசையவில்லை.
சூடு காட்டினான், சுத்தியல் காட்டினான்,
கெட்ட வார்த்தையும் காட்டினான்.
டீ குடிக்கப் போன நேரத்தில்
யாருமில்லாமல் டப்பென்று விட்டது.

பிரித்துப் பார்த்தால் சீல் நன்றாகத்தான் இருந்தது.
உதடு கிழியவில்லை, ஸ்பிரிங் தளரவில்லை.
ஷாஃப்டில்தான் துரு தின்ற குழிகள்,
அம்மைத் தழும்பு மாதிரி,
சீல் உட்காரும் அதே வட்டத்தில்.
கவுண்டரில் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்,
‘சீலைத் திட்டாதீங்க, ஷாஃப்டைப் பாருங்க’ என்று.
நானுமே
புது சீல் ரெண்டைப் பையில் போட்டுக்கொண்டுதான்
வந்திருந்தேன்.

ஹார்ட் குரோம் ஏற்றக் குறிச்சியில் ஆள் உண்டு.
ஏற்றியதை மைக்ரான் கணக்கில் இறக்க
நான் நம்பும் கை கணபதியில் ஒன்றுதான்.
அது அர்த்தநாரியின் கை.

மூன்று மெஷின் நின்ற பட்டறையில்
ஒரு மெஷினும் ரெண்டு சிமென்ட் மேடையும்.
ஷாஃப்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.
எந்த வண்டியுடையது என்று கேட்கவில்லை.
கூலன்டைத் திறந்து, கல்லை நகர்த்தி,
தொடாத மாதிரித் தொட்டார்.
மைக்ரோமீட்டர், துடைப்பு, மறுபடி மைக்ரோமீட்டர்.
ரெண்டு மைக்ரானுக்கு முக்கால் மணி நேரம்.

பிறகு பில் எழுதினார்: ஆயிரத்து எண்ணூற்றி ஐம்பது.
நான் வாயே திறக்கவில்லை.
‘பழைய பாக்கிதான் தீந்துபோச்சுங்களே’ என்றார்.
எண்ணிக் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு இன்னொரு முறை எண்ணினார்.

பூட்டும்போதுதான் தெரிந்தது,
கழற்றுமுன் அடையாளம் போட மறந்திருக்கிறோம்.
கப்ளிங் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது.
அவினாசி ரோட்டில் நேராகப் போகும்போது
ஸ்டீரிங் கொஞ்சம் அன்னூர்ப் பக்கம் சாய்கிறது.
‘அவுத்து மாட்டிரலாங்க்கா, அரை மணி நேரம்.’
நாளைக்கு என்கிறேன்.
ஒற்றை விரலுக்கு வளைகிறது வண்டி.
திருப்பத்தில் கையை விட்டால்
தானாகவே நடுவுக்கு வந்து நிற்கிறது.
நடுதான் நடுவில் இல்லை.

நேற்றுப் பொழுதோட அர்த்தநாரி கடைக்கு வந்தார்.
வாசலில் நின்ற வண்டியருகே செருப்பைச் சரிசெய்கிறவர்போல்
குனிந்து, அடியில் பார்த்தார்.
அட்டை காய்ந்து கிடந்தது.
நிமிர்ந்து உள்ளே வந்து
காசை முதலில் கண்ணாடிமேல் வைத்தார்.
‘நாப்பதுக்கு அறுபது, பத்து தடிமன்.
நாலு சீலுங்க, அம்மிணி.’