எண்பத்து மூன்று வோல்ட்

ஊலு நகரில் ஜனவரி.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கம்பளிச் சட்டையைக் கழற்றும்போதெல்லாம்
காதோரம் படபடவென்று வெடிக்கிறது குளிர்காலம்.

நுண்ணோக்கியின் கீழே பதினேழாம் எண் வளைவு.
ஒரு தலைமுடியின் அகலத்தில்
இப்படி இருபதை நெருக்கி நிறுத்தலாம்.
இரண்டு தோளும் சிலிக்கானில் புதைந்திருக்க,
எதிர்ச்சுவரைக் கண்டு வயிற்றை எக்கிக்கொண்டவன்போல்
விலகி வளைந்து நிற்கிறது.

தைஸ்தோ குமிழைத் திருகுகிறான்,
அரை வோல்ட், அரை வோல்ட்.
நான் எழுதுகிறேன்.
அறுபதில் கொஞ்சம் இறங்கியது.
எழுபதில் இன்னும் கொஞ்சம்.
எண்பதில்கூட மரியாதையாகத்தான் இருந்தது.
எண்பத்து மூன்றில்
மறுபுறம் கிடந்தது.

தாண்டியதை யாரும் பார்க்கவில்லை.
இப்புறம் ஒரு படம், அப்புறம் ஒரு படம்,
நடுவில் காமிரா இமைத்திருக்கிறது.

கணக்கு சொன்னது எண்பத்தாறு.
மீதி மூன்று எங்கே போயிற்று என்றான் தைஸ்தோ.
இடது தோள் தடித்துப் பிறந்திருக்கிறது.
மயிரிழை என்று சொல்லவும் வழியில்லை,
மயிரிழை இங்கே ஒரு மலை.
நேராக இறங்கியிருக்காது,
ஒருக்களித்து நழுவியிருக்கும்.

பிறகு குறைத்தோம்.
எண்பத்து மூன்றில் வரவில்லை.
எண்பதில் வரவில்லை.
எழுபத்தைந்தில் தைஸ்தோ காப்பிக்குப் போய்விட்டான்.
அறுபத்தொன்றில், நான் தும்மிய நேரம் பார்த்து,
திரும்பி வந்துவிட்டது.
போன வழி வேறு, வந்த வழி வேறு.
தாளில் இரண்டும் சேர்ந்து
ஒரு சுருக்குக் கண்ணி.

நானும் ஒருமுறை போய்த் திரும்பியவள்தான்,
ரொவானியெமியிலிருந்து, ஒரு பெட்டியோடு.
எவ்வளவு இறங்கி வந்தேன் என்பது
எந்தத் தாளிலும் இல்லை.

விடியற்காலை நான்குக்கு அவன் கேட்டான்:
'சுவர் வரைக்கும் விட்டுப் பார்ப்போமா, இர்யா?'
வேண்டாம் என்று சொல்ல
எனக்கு அரை வோல்ட் நேரம் இருந்தது.

நூற்றுப் பதினான்கு.
ஒட்டிக்கொண்டது.
சுழிக்கு இறக்கினோம், ஒட்டியேதான் இருந்தது.
முனைகளை மாற்றினோம். மேசையைத் தட்டினோம்.
'பதினேழு, வா, வா' என்று
நாய்க்குட்டியைப்போல் கூப்பிட்டான் தைஸ்தோ.
இழுத்தது போன பிறகும்
தொட்டது விடவில்லை.

நோட்டில் எழுதினேன்: 17, மீளவில்லை.
அடிக்கோடு போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

வெளியே மைனஸ் இருபத்தேழு.
எப்போதும் சாவியைத்தான் முதலில் நீட்டுவேன்
கார்க் கதவிடம்.
இன்று கையுறையைக் கழற்றி
விரலை நீட்டினேன்.
தொடுவதற்கு ஒரு நெல்மணி தூரம் முன்பே
நீலமாய் ஒரு துளி.
பல ஆயிரம் வோல்ட்.
சுரீரென்றது.
கையை இழுத்துக்கொள்ள முடிந்தது.