டோக்கன் 112

கேட்டில் இருசப்பன் நீட்டும் மரப்பெட்டியில்
லைட்டரைப் போட்டால் பித்தளை டோக்கன் தருவார்.
நூற்றுப் பன்னிரண்டு. பதினேழு வருடமாக அதே எண்.
உள்ளே வரிசையாகக் கரைப்பான் டிரம்கள்.
ஒரு பொறி போதும், முதுநகர் வரை வெளிச்சம் தெரியும் என்பார்
சேஃப்டி ஆபீசர்.

சட்டைப்பையைத் தடவுவார்கள், இடுப்பைத் தடவுவார்கள்,
டிபன் கேரியரின் கடைசி அடுக்கையும் திறப்பார்கள்.
கன்னத்தைச் சோதிக்க யாருக்கும் உத்தரவில்லை.
கீழுதட்டுக்குள் ஒரு சிட்டிகை அடக்கிக்கொண்டு
எட்டு மணி நேரம் வால்வு திருப்புவேன்.
ஷிப்ட் முடிந்ததும் துப்பிவிட்டு, லைட்டரை வாங்கி,
கேட்டைத் தாண்டி நாலாவது எட்டில் பற்றவைப்பேன்.
மூன்றாவது எட்டு வரை கம்பெனி நிலம்.

ஈறில் வெள்ளையாய் ஒரு தடம்.
கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர்
சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்து
"பாருங்க" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.
அன்று மாலை லைட்டரை வாங்காமல் வெளியே வந்தேன்.
"டோக்கன்?" என்றார் இருசப்பன்.
"இருக்கட்டும்."

முதல் வாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.
இட்லி வட்டமாக இல்லையென்று
தையல்நாயகியிடம் சண்டை போட்டேன்.
கிராம்பு, சீரகம், கடைசியில்
சைக்கிள் சாவியின் பிளாஸ்டிக் மூடியையும் மென்றேன்.
டீக்கடையில் நெருப்புக் கயிறு தொங்கும் தூணுக்கு
முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.
முதுகு திரும்பிப் பார்த்தது.

பதினோராம் நாள் மூக்கு வந்தது,
கடன் வாங்கி ஓடிப்போனவன்
ஒரு மத்தியானம் வாசலில் வந்து நிற்பதுபோல.
பஸ்ஸில் யாரோ மடியில் வைத்திருந்த மடவை மீன்.
குழம்பில் மாங்காய்.
என் தலையணை. இதிலா இத்தனை நாள் படுத்தேன்?
கனகாம்பரத்துக்கு வாசமில்லை என்பதே
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள் இரவு
உப்பனாற்றுப் பக்கம் காற்று திரும்பியது.
எழுந்து உட்கார்ந்தேன்.
அழுகிய முட்டைக்கோசும் நெயில் பாலிஷும் சேர்ந்தாற்போல,
ஜன்னலில், பாயில், தண்ணீர்க் குடத்துக்குள்.
தையல்நாயகி கண் திறக்காமலே
முந்தானையை இழுத்து மூக்கில் போட்டுக்கொண்டாள்.
எத்தனை வருடம் பழகிய கை அது.

மூன்று வருடம் முன்பு விசாரிக்க வந்தார்கள்.
ஊருக்காகப் பூங்காவனம் பேசினார்.
உள்ளே வேலை, ஊரில் வீடு என்று
என்னையும் நிறுத்திக் கேட்டார்கள்:
"உனக்கு வாடை அடிக்குதா?"
"ஒண்ணும் அடிக்கல சார்."
பொய்யில்லை.
கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.
கற்பூரமும் அப்போது எனக்கு
வெறும் வெளிச்சம்.

நாற்றம் என்றால் முன்பு நறுமணம் என்று
எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
எந்த ஊர்க் காற்றில் கிடந்து கெட்டதோ அந்தச் சொல்.

ஒரு சிகரெட். ஒன்றே ஒன்று.
ஊர் மறுபடியும் வாசமற்றுப் போகும்.
தூக்கம் வரும். ஒன்றாம் தேதி சம்பளமும் வரும்,
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல்.
சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.
பெட்டிக்கடை மூடியிருந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பூங்காவனம் வீட்டில் விளக்கு எரிந்தது.
கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.
கையில் நாற்பது பக்க நோட்டு. ஏழாவது நோட்டாம்.
தேதி, மணி, காற்று வந்த திசை, என்ன வாடை.
கடைசி வரியில்
ஒன்று இருபது என்று மட்டும் எழுதியிருந்தது.

"எனக்கும் அடிக்குது" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
நோட்டைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.
"அப்ப நீயே எழுது. பேனா இருக்கா?"

சட்டைப்பைக்குள் கை போனது, அந்தப் பழைய வேகத்தில்.
விரலில் தட்டியது
டோக்கன்.