நுனிக்கால்

ஃபஹாஹீலில் இரண்டு நாளாய்த் தூசு.
மூன்றாம் மாடி ஜன்னலில் வானம் தேநீர் நிறம்.
தூரத்து ஆலையின் தீக்கொழுந்தும் தெரியவில்லை.

மூக்கில் கிளிப்பை மாட்டியதும்
தன் குரலைக் கேட்டுத் தானே சிரித்தான் தமீம்.
முதல் ஊதல் சிரிப்பில் போயிற்று.
அடுத்தது இருமலில்.
மூன்றாவதில் உதட்டோரம் கசிந்தது காற்று.
"திரையில மெழுகுவத்தி பாரு, நிறுத்தாதே,
ஊது ஊது ஊது ஊது..."
எனக்குத்தான் மூச்சு வாங்கியது.
எட்டில் ஐந்து அணைந்தன.
இன்னும் மூன்று முறை ஊதியும்
அதே ஐந்துதான்.

முதல் நொடியில் ஒரு லிட்டரும் சொச்சமும்.
எழுபத்தொன்பது சதவீதம் என்றது இயந்திரம், சிவப்பில்.
அவன் அம்மா நிறத்தைத்தான் படித்தார்:
"ஃபெயிலா சிஸ்டர்?"

எதில் எழுபத்தொன்பது?
ஏழு வயது, ஆண், நூற்று இருபத்தொரு சென்டிமீட்டர்.
அந்த உயரத்தில் எவனோ ஒருவன்
ஊதியிருக்க வேண்டிய காற்றில்.
அவனை யாரும் பார்த்ததில்லை.
கணக்குக்குள் வசிக்கிறான்,
இருமுவதில்லை, தூசு அவன் தெருவுக்கு வருவதில்லை.
அவன் எந்த இனம் என்று ஒரு பட்டியல் கேட்கும்.
நாங்கள் அதில் இல்லை.
'மற்றவை' என்று அழுத்துவேன்,
விமான நிலைய வரிசை மாதிரி.

நூற்று இருபத்தொன்றா?
நாற்காலியில் அவன் கால் தரையைத் தொடவில்லை.
"தம்பி, இன்னொரு தரம் நில்லு.
குதிகால் சுவரோட ஒட்டட்டும்."
மெல்ல இறங்கினான்.
நூற்றுப் பதினேழு.
தரையைப் பார்த்துச் சொன்னான்:
"நூத்தி இருபது இருந்தாத்தான்
ரோலர் கோஸ்டர்ல ஏத்துவாங்க."

நான்கு சென்டிமீட்டர் ஆசைக்கு
நுரையீரல் கடன்பட்டிருந்தது.
திருத்தித் தட்டினேன். எண்பத்தாறு.
சிவப்பு போயிற்று. மூச்சு அதே மூச்சு.
அம்மா கைப்பையை எடுத்துவிட்டார்.

"உட்காருங்க, முடியல."
எண் நிமிர்ந்தாலும் கோடு நிமிரவில்லை.
உச்சியிலிருந்து நேராய் இறங்க வேண்டியது
ஈரத்துணி காயும் கொடிக்கயிறாய்த் தொய்ந்து கிடந்தது.
நீல மருந்து, நான்கு இழுப்பு, பதினைந்து நிமிடம்.
காத்திருக்கும்போது சொன்னேன்,
நலமான பிள்ளைகள் நூறு பேரை ஊதச் சொன்னாலும்
ஐந்து பேர் கோட்டுக்குக் கீழேதான் விழுவார்கள்,
மேலே நிற்பவர்களிலும் இரவில் இருமுகிறவர் உண்டு.
"ராத்திரிதான் இருமுறான்" என்றார்,
முதல் முறையாக.
படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

மறுபடி ஊதினான்.
ஆறு. ஏழு.
எட்டாவது ஆடி, ஆடி, அணைந்தது.
கயிறு ஏறக்குறைய நேராயிற்று.

கிளிப்பைக் கழற்றாமலே கேட்டான்:
"இப்ப நான் எவ்ளோ உயரம்?"