கடைசிப் பதினோரு பக்கங்கள்

டார்ட்டு நகரில் எங்கள் மாணவர் விடுதி.
அதன் நிலவறையில்
நான்கு சலவை இயந்திரங்கள்.
மூன்றாவது ஓடாது.
அதன் வயிற்றுக்குள்தான் போட்டுவைப்போம்
புத்தகங்களை, குறுந்தட்டுகளை,
யாரோ பின்னிப் பாதியில் விட்ட
ஒற்றைக் கையுறையை.

ஒரு சலவைக்கு நாற்பத்தேழு நிமிடம்.
அதற்குள் சொல்லிவிட வேண்டும்
இதைப் பார், இதைக் கேள்,
இதைப் படிக்காமல் செத்துப்போகாதே.
பிடிக்கவில்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லலாம்.
சோப்புத்தூளுக்கு மட்டும் கடன் சொல்லக் கூடாது.
விதி இவ்வளவுதான்.

ஓச்சிர்பாத் தன் இயர்போனின் ஒரு முனையை
என் காதில் செருகினான்.
யாரோ ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போனான்.
எனக்கு மூச்சு முட்டியது.
"எப்போது முடியும்?"
"சமவெளி முடியும்போது."
நான் ஹீயுமா தீவுக்காரி.
எந்தப் பக்கம் நடந்தாலும்
பொழுது சாய்வதற்குள் கடல் வந்து மறிக்கும் ஊர்.
பாதியில் கழற்றிக் கொடுத்தேன்.
அவன் கோபித்துக்கொள்ளவில்லை,
சட்டை நுனியில் துடைத்துக்கொண்டான்.

பதிலுக்கு எங்கள் ஊர்ப் படமொன்று காட்டினேன்,
ஈரம் காயாத படுக்கைவிரிப்பைச் சுவரில் மாட்டி.
மனைவியைப் புதைத்துவிட்டு ஒருவன்
பனியில் குதிரையேறிப் போகும் இடம்.
எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.
ஓச்சிர்பாத் விழுந்து விழுந்து சிரித்தான்.
"காதைப் பார், அந்தக் குதிரையின் காதைப் பார்.
லாயத்துக்குப் போகத் துடிக்கிறது.
இவன் அழுகையெல்லாம் அதற்கு இடைஞ்சல்."
அதன் பிறகு அந்தப் படத்தில்
எனக்குக் குதிரை மட்டும்தான் தெரிகிறது.

விதால் பொலிவியாக்காரன், ஓவியம் படிக்கிறவன்.
எதையும் பரிந்துரைக்க மாட்டான்.
"பிடித்ததைச் சொல்வது
சட்டைப்பையைத் துழாவவிடுகிற மாதிரி" என்பான்.
மற்றவர்கள் சொல்வதையெல்லாம்
கையில் எழுதிக்கொள்வான், மணிக்கட்டு தாண்டி,
குளிக்க மனசு வராத அளவுக்கு.

எஃபுவா தந்தது ஒரு நாவல்,
கேப் கோஸ்ட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது.
மீன் சந்தையில் தராசு வைத்திருக்கும் இரண்டு சகோதரிகள்,
ஒரு பொய் எடைக்கல்.
கடைசிப் பதினோரு பக்கங்கள் இல்லை.
"படித்துவிட்டு வா, முடிவை நான் சொல்கிறேன்."

சொன்னாள்.
மூத்தவள் கல்லைக் கடலில் எறிகிறாள்.
எறிந்த கையை முகர்ந்து பார்க்கிறாள்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மார்ச்சில், எமயெகி ஆற்றுப் பனிக்கட்டி
விரிசல்விடும் சத்தம் கேட்ட வாரம்,
காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டே ஓச்சிர்பாத் சொன்னான்:
"அக்காளின் சவப்பெட்டியில்
இளையவள் அந்தக் கல்லை வைத்தாளே,
அங்கே நான்..."
விதால் சட்டைக்கையை மேலே சுருட்டினான்.
முழங்கைக்குக் கீழே, பாதி அழிந்து:
கல்லை ஒரு திருடன் கொண்டுபோனான்,
இருவரும் அவனுக்கு மீன் வறுத்துக் கொடுத்தார்கள்.

யாரும் எதுவும் பேசவில்லை.
இரண்டாவது இயந்திரம் அதிர்ந்து அதிர்ந்து
தரையில் ஓர் அங்குலம் நகர்ந்தது.

பல்கலைக்கழக நூலகத்தில் முழுப்பிரதி இருந்தது.
கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன்.
பதினோரு பக்கமும் கல்யாணம்.
இளையவளுக்கு. மாப்பிள்ளை வழக்கறிஞர்,
பல்வரிசை பற்றி ஒரு முழுப் பத்தி.
எடைக்கல்லைப் பற்றி ஒரு வரி இல்லை.
எழுதியவரே மறந்துபோயிருக்க வேண்டும்.
பெயர் வெளியே தெரியாதபடி
முதுகை உள்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

எஃபுவா உலர்த்தியிலிருந்து
போர்வையை இழுத்துக்கொண்டிருந்தாள்.
"கடைசிப் பக்கங்கள் கிடைத்தன, படித்துவிட்டேன்."
அவள் கை நின்றது.
போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்,
மடிக்க இரண்டு பேர் வேண்டும் அதற்கு.
"நீ சொன்ன மாதிரியேதான் இருந்தது."

முனையோடு முனை சேர்க்க
என்னை நோக்கி நடந்து வந்தாள்.
சூட்டுத்துணி வாசம். மூக்குக்கு நேரே மூக்கு.
ரகசியமாகக் கேட்டாள்:
"உனக்கு எதைச் சொன்னேன்?"