கோடிட்ட இடம்

சூளைமேட்டில் டயர் கடைக்கு மேல் மாடி.
மாலை ஆறு மணி ஜெர்மன் வகுப்பு.
ஏசி ஓடவில்லை. ஜன்னலைத் திறந்தால்
தண்ணீர் லாரி உள்ளே வந்து ஹாரன் அடிக்கிறது.

எவாஞ்சலின் மேடம் பலகையில் எழுதுகிறார்:
டெர், டீ, டாஸ்.
டீ என்றதும் கடைசி பெஞ்சில் ஒருவன்
எனக்கொண்ணு என்றான்.
சூரியன் பெண். நிலா ஆண்.
காரணம் கேட்காமல் எழுதிக்கொண்டோம்.
சிறுமி வந்தபோதுதான்
சாக்பீஸ் டாஸில் போய் நின்றது.

"அஃறிணையா மேடம்? பொண்ணா?"
தில்ஷாத் சிரித்தாள். வகுப்பே சிரித்தது.
சொல்லின் வால்தான் காரணமாம்,
எதையும் செல்லமாய்ச் சுருக்கும் வால்.
அது ஒட்டினால் பால் உதிர்ந்துவிடும்,
பால்பல் மாதிரி.

பள்ளியில் சமஸ்கிருதம் எடுத்த ஸ்ரீவத்ஸன் விடவில்லை:
"அங்க மனைவிக்கே மூணு பால்.
பார்யா பெண். தார ஆண், அதுவும் பன்மை.
களத்திரம் ரெண்டுங்கெட்டது."

களத்திரம் எனக்குத் தெரியும்.
என் ஏழாம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.
செவ்வாய்தோறும் வடபழனியில்
அம்மா அதற்கு விளக்கேற்றுகிறாள்.

நான் சிரிக்கவில்லை.
போன ஞாயிறு எங்கள் ஹாலில்
மிக்சர் தட்டுக்கு மேலாக ஒரு குரல்:
"பொண்ணு என்ன படிச்சிருக்கு?"
இன்னொன்று: "நைட் டியூட்டியும் பாக்குதா?"
அப்பா சொன்னார், "பாக்குது."
நல்ல தமிழ். யாருக்கும் உறுத்தவில்லை.
அன்றைக்கு எனக்கும்தான்.

இரவு, கீழ்ப்பாக்கம், மூன்றாவது வார்டு.
பதினோராம் கட்டில் கோதண்டபாணி
இரண்டு இருபதுக்கு நின்றுபோனார்.
அதுவரை "அப்பா எப்படி இருக்கார் சிஸ்டர்" என்ற மகன்
இரண்டரைக்குக் கேட்டான்,
"பாடி எப்ப வரும்?"

போனில் அகராதியைத் தட்டிப் பார்த்தேன்.
பிணம் அங்கே பெண்பால்.
சிறுமிக்குக் கொடுக்காததை
எங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

"அவரத் துடைச்சிட்டிருக்கேன் சார்,
பத்து நிமிஷம்" என்றேன்.
காதுக்குப் பின்னால்
ஷேவிங் சோப்பு காய்ந்திருந்தது.

காலை, சேத்துப்பட்டில் ஏறிய ரயில்.
மடியில் வீட்டுப்பாடம்.
கோடிட்ட இடங்களை நிரப்புக.
டாஸ். டாஸ். டீ.
பழவந்தாங்கல் தாண்டும்போது அம்மா:
"பையன் வீட்ல கூப்பிட்டாங்க.
பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேக்குறாங்க."

மீனம்பாக்கத்தில் தலைக்கு மேல் ஒரு விமானம்.
அது போய் முடியட்டும் என்றிருந்தேன்.

"பொண்ணு தூங்கப் போகுதுன்னு சொல்லு."